"இந்தப் போட்டோவில் இருப்பது யார்?" - பரணில் அழியும் ஊர் வரலாறு... காப்பாற்ற என்ன வழி?

போகிக்கு முந்தைய வாரம் வீட்டைச் சுத்தம் செய்யும்போது, பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி கீழே இறங்கும். திறந்தால் பழைய பத்திரம், செல்லரித்த கணக்கு நோட்டு, ஓரம் சுருண்ட கறுப்பு வெள்ளைப் போட்டோ, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, மை மங்கிப்போன இன்லேண்ட் லெட்டர்.

பத்திரத்தை மட்டும் எடுத்து பீரோவில் வைப்பார்கள். நிலம் சம்பந்தப்பட்டதாயிற்றே! மற்றவற்றில் பாதி பழைய பேப்பர் கடைக்குப் போகும். மீதி போகித் தீயில் போகும். கையில் ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு "இது யாரு?" என்று பேரன் கேட்பான். "தெரியலையே... உங்க பாட்டி இருந்திருந்தா சொல்லியிருப்பாங்க" என்று பதில் வரும். அந்தப் போட்டோவும் தீக்குள் போய்விடும்.

தமிழ்நாட்டின் கிராமங்கள் தங்கள் வரலாற்றைத் தொலைப்பது பெரும்பாலும் இப்படித்தான். படையெடுப்பும் வெள்ளமும் தேவையில்லை. ஒரு சுத்தம் செய்யும் நாள் போதும்.

கல்லில் எழுதியது தங்கியது

ராணிப்பேட்டை மாவட்டம், நெமிலி வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். இங்குள்ள மகேந்திரவாடியில், ஒரே பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் அமைத்த குடைவரைக் கோயில் இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, கோயிலின் பெயர் மகேந்திர விஷ்ணு கிருகம், ஊரின் பெயர் மகேந்திரபுரம், ஏரியின் பெயர் மகேந்திர தடாகம் என்று மூன்றையும் சொல்லிவிடுகிறது. சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஏரிக்கு என்ன பெயர் என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது.

ஆனால், அதே ஏரியில் 60 ஆண்டுகளுக்கு முன்பு மடை திறந்து நீர் பாய்ச்சியவர் யார், பஞ்ச காலத்தில் எந்த வயலுக்கு முதலில் தண்ணீர் விட்டார்கள், ஏரியில் மீன் ஏலம் எடுத்தது யார் என்று கேட்டால் பதில் எங்கே கிடைக்கும்? ஏதோ ஒரு வீட்டின் கணக்கு நோட்டில் இருக்கலாம். அல்லது ஒரு பெரியவரின் நினைவில் இருக்கலாம். கல்லுக்கு இருக்கும் ஆயுள் இரண்டுக்கும் கிடையாது.

இன்னொரு உதாரணம், அரக்கோணம் அருகேயுள்ள தக்கோலம். சோழ இளவரசர் ராஜாதித்தர் யானை மேலிருந்தபடியே உயிர்விட்ட தக்கோலப் போர் 949-இல் நடந்தது. அந்தப் போரைப் பற்றிய முக்கியமான சான்றுகளில் ஒன்று, கர்நாடகாவின் மாண்டியா மாவட்டத்திலுள்ள ஆதகூரில் கிடைத்த நடுகல். காட்டுப்பன்றியோடு போராடிச் செத்த 'காளி' என்ற நாய்க்காக நட்ட கல் அது. நாயின் கதையோடு சேர்த்து, தக்கோலத்தில் ராஜாதித்தர் கொல்லப்பட்டதையும் அந்தக் கல் சொல்கிறது. இப்போது அது பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் ஊரில் நடந்ததை யாரோ, எங்கேயோ எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது.

எல்லா நேரமும் அப்படி அதிர்ஷ்டம் அடிக்காது.

மாவட்டம் மாறும்... காகிதமும் மாறும்

"அரசாங்கத்திடம் எல்லா ஆவணமும் இருக்குமே?" என்று தோன்றலாம். இருக்கிறது. சென்னை எழும்பூரில் 1909 முதல் இயங்கும் ஆவணக் காப்பகம் நாட்டின் பெரிய காப்பகங்களில் ஒன்று. ஆனால், அங்கே இருப்பது பெரும்பாலும் சர்க்காருக்குத் தேவைப்பட்ட காகிதம். வரி, நில அளவை, அரசு உத்தரவு, கடிதப் போக்குவரத்து. ஊருக்குத் தேவைப்பட்ட காகிதம் ஊரிலேயேதான் இருந்தது.

இருக்கும் அரசு ஆவணத்தைத் தேடுவதும் எளிதல்ல. நெமிலி ஒரு காலத்தில் வட ஆற்காடு மாவட்டம். அந்த மாவட்டத்துக்கு 1911 வரை தலைநகர் சித்தூர். பிறகு வேலூர். 1989-இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019 நவம்பர் 28-இல் ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அரக்கோணம் வட்டத்துக்குள் இருந்த நெமிலி, இன்று தனி வட்டம். ஒரு நூறாண்டுக் காகிதத்தைத் தேடுபவர், முதலில் எந்த ஊர் அலுவலகத்தில் தேடுவது என்பதையே கண்டுபிடிக்க வேண்டும்.

1980-ஆம் ஆண்டும் முக்கியமான திருப்பம். அதுவரை கிராமத்துக் கணக்கு கர்ணம் கையில் இருந்தது. பெரும்பாலும் ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைப் பார்த்தது. 1980 நவம்பர் 14 முதல் எம்.ஜி.ஆர் அரசு பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவியை ஒழித்தது. பரம்பரை ஆதிக்கத்துக்கு முடிவுகட்டிய மாற்றம் அது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அரசுப் பதிவேடுகள் அவர் கைக்குப் போயின. கர்ணம் வீட்டுச் சொந்தக் குறிப்புகள், நகல்கள், கடிதங்கள் போன்றவற்றைக் கேட்டு வாங்க எந்த விதியும் இல்லை. அவற்றின் தலைவிதி அந்தந்த வீட்டுப் பரணைப் பொறுத்தது.

ஊர்க் கணக்குக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்குப் பக்கத்து மாவட்டமே சாட்சி. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர், அன்றைய செங்கல்பட்டு ஜாகீரில் சுமார் 2,000 ஊர்களைப் பற்றிக் கணக்கெடுத்தார். எத்தனை வீடு, எந்தெந்தத் தொழில் செய்பவர்கள், எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, விளைச்சலில் யாருக்கு என்ன பங்கு என்று எல்லாம் பதிவானது. இதன் ஆங்கிலச் சுருக்கம் சென்னை ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஊர்க் கணக்கர்கள் தமிழில் எழுதிய ஓலைகள் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. காந்தியவாதி அறிஞர் தரம்பால் இந்தக் கணக்குகள் மீது கவனத்தைத் திருப்பினார். சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையத்தினர் ஓலைகளைப் படித்து, திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்கைத் தமிழிலேயே புத்தகமாக்கினார்கள். 250 ஆண்டுகளுக்கு முந்தைய ஊரை, வீடு வீடாக எண்ணிப் பார்க்க முடிகிறது. ஆங்கிலச் சுருக்கம் மட்டும் மிஞ்சியிருந்தால் இது நடந்திருக்காது.

வீடுகளைத் தேடிப் போனவர்கள்

வீடுகளில் உள்ள காகிதத்தைக் காப்பாற்ற முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் புதுச்சேரியில் இருக்கிறார்கள்.

1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு இணைந்து, மானுடவியலாளர் ஜோயி ஹெட்லி ஒரு வேலையைக் கையில் எடுத்தார். கிராமப் பஞ்சாயத்துகள் 1870 முதல் 1940 வரை வழங்கிய தீர்ப்புகள், அவற்றோடு தொடர்புடைய காகிதங்கள் ஆகியவற்றைத் தேடிப் படியெடுப்பதுதான் அந்த வேலை. இங்கே பஞ்சாயத்து என்பது இன்றைய ஊராட்சி அல்ல. ஆலமரத்தடியில் நாட்டாமையும் பெரியவர்களும் உட்கார்ந்து வழக்கு தீர்த்த சபை. அதெல்லாம் வாய்ப்பேச்சு, எழுத்தில் எதுவும் இருக்காது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். ஆனால், ஊர்த் தலைமைக் குடும்பங்களின் வீடுகளில் எழுத்து இருந்தது.

கோர்ட்டுப் பதிவேட்டில் ஏறாத வழக்குகள் இவை. யாருக்கும் யாருக்கும் இடையில் என்ன தகராறு, ஊர் என்ன முடிவு சொன்னது, யார் அதற்குக் கட்டுப்பட்டார்கள் என்பதெல்லாம் இந்தக் காகிதங்களில்தான் தெரியவரும். பாராட்டத்தக்க தீர்ப்பும் இருக்கும், இன்று படித்தால் தலைகுனிய வைக்கும் தீர்ப்பும் இருக்கும். இரண்டும் வரலாறுதான்.

இதற்குப் பண உதவி செய்தது, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் 'அழியும் நிலையிலுள்ள ஆவணங்கள் திட்டம்'. 2004-இல் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு ஒரு நல்ல விதி இருக்கிறது. அசல் ஆவணம் சொந்த நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. டிஜிட்டல் படி ஒன்று உள்நாட்டு நிறுவனத்தில் இருக்க வேண்டும், இன்னொன்று லண்டனுக்குப் போகும்.

கிராமத்து வரலாற்றுக் குழுக்கள் கற்க வேண்டிய முதல் பாடம் இதுதான். "உங்க பத்திரத்தைக் கொடுங்க, நாங்க பத்திரமா வெச்சுக்கறோம்" என்று கேட்டால் எந்த வீட்டிலும் கொடுக்க மாட்டார்கள். கொடுக்கவும் கூடாது. "உங்க வீட்டுத் திண்ணையிலேயே படம் எடுத்துட்டு, இப்பவே திருப்பிக் கொடுத்துடறோம்" என்று சொன்னால் கதவு திறக்கும்.

ஸ்டுடியோ மூடும்போது...

இதே ஆய்வாளர் பின்னர் பழைய தமிழ்ப் போட்டோ ஸ்டுடியோக்களின் பக்கம் திரும்பினார். தமிழ்க் குடும்பங்கள் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட பழைய படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கும் பணிக்கும் அதே பிரிட்டிஷ் நூலகத் திட்டம் உதவியது.

பொக்கிஷத்தைத் தேடிய வேலை என்றே இதைச் சொல்லலாம். முழங்கையை மேசையில் ஊன்றிய மாப்பிள்ளை, மணிக்கட்டு வாட்ச் தெரியும்படி கையை வைத்த அண்ணன், சடை பூவால் நிறைந்திருப்பதைக் காட்டக் கண்ணாடி முன் நின்ற பெண், பின்னால் திரையில் வரைந்த மாடிப்படி... ஒவ்வொரு ஊர் ஸ்டுடியோவிலும் இப்படி ஆயிரக்கணக்கில் நெகட்டிவ் இருந்தது. டிஜிட்டல் கேமரா வந்து, பிறகு செல்போன் வந்ததும் ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடின. நெகட்டிவ்களுக்கு இடம் இல்லை. ஈரம், பூஞ்சை, கறையான், குப்பை லாரி.

ஒரு ஸ்டுடியோ மூடினால், அந்த ஊரின் அறுபது எழுபது ஆண்டு முகங்கள் மொத்தமாகப் போய்விடும். கோயில் கும்பாபிஷேகம், பள்ளி ஆண்டு விழா, தேர்தல் கூட்டம், இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த கடைசிப் படம் வரை எல்லாமே அந்தப் பெட்டிகளில்தான் இருந்தன.

ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும்?

"சரி, எல்லாவற்றையும் சேகரித்து ஊர் நூலகத்தில் வைத்துவிடலாமே?" என்று கேட்கலாம். அதற்கு யாழ்ப்பாணம் பதில் சொல்கிறது.

1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்துபோனது. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. சிலவற்றுக்கு உலகில் வேறு பிரதியே இல்லை.

அந்த இழப்பிலிருந்து பாடம் கற்ற தலைமுறை, 2005-இல் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைத் தொடங்கியது. ஈழத்துத் தமிழ் நூல்கள், இதழ்களோடு பள்ளி மலர்கள், கோயில் மலர்கள், இறந்தவர் நினைவாகக் குடும்பத்தினர் அச்சிடும் நினைவு மலர்கள் வரை தேடித்தேடி ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஒரு கிராமத்து ஆசிரியரின் நினைவு மலரில் அவர் பிறந்த ஊர், படித்த பள்ளி, பெண் எடுத்த ஊர், பிள்ளைகள் குடியேறிய நாடு என்று எல்லாம் இருக்கும். போரால் சிதறிய ஊரை மீண்டும் மனதில் ஒட்டிப் பார்க்க இதுபோன்ற சின்ன வெளியீடுகள்தான் உதவுகின்றன. படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் 'ஆவணகம்' என்ற தனித் தளத்தையும் இவர்கள் நடத்துகிறார்கள்.

தமிழ்நாட்டில் தனி ஒருவராகவே இதைச் செய்தவர், செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர். நூல்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் கசக்கிப் போட்டதையும் சேர்த்தார். அவர் 1992-இல் காலமான பிறகு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் சேகரிப்பு சென்னைக்கு வந்து, 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமானது. இன்று தமிழ் ஆய்வு செய்பவர்கள் உலகெங்கிலுமிருந்து அங்கே வருகிறார்கள்.

பத்துப் பேர் போதும்

வரலாற்றுக் குழு என்றதும் பெரிய கட்டடம், பதிவு எண், தலைவர், செயலாளர் என்று நினைக்க வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கல்லூரி மாணவர் நான்கு பேர், ஊர்ப் போட்டோகிராபர், மகளிர் குழுவிலிருந்து இரண்டு பேர் என்று பத்துப் பேர் போதும். வேலூர் பக்கமே முன்மாதிரி இருக்கிறது. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரித் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் மாணவர்களோடு ஊர் ஊராகப் போய் நடுகற்களைக் கண்டறிந்து சொல்லிவருகிறார்கள். ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் ஆசிரியர் வே.ராஜகுரு நடத்திய தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தில், பள்ளிப் பிள்ளைகளே கல்வெட்டு படிக்கக் கற்றார்கள்.

குழு அமைந்ததும் என்ன செய்ய வேண்டும்?

பெயர்தான் முதலில்: படம் எடுப்பதற்கு முன்பே, படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு, எந்த இடம் என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதுங்கள். அவர் பேசுவதை செல்போனில் பதிவு செய்யுங்கள். படத்தை அடுத்த வருடம்கூட ஸ்கேன் செய்யலாம். எண்பது வயதுக்காரரின் நினைவு அதுவரை காத்திருக்காது.

படியெடுக்கும் முறை: ஸ்கேனர் இருந்தால் 600 டி.பி.ஐ-யில் எடுப்பது நல்லது. இல்லையென்றால் செல்போன் போதும். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். போட்டோவின் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும்.

வாட்ஸ்அப் எச்சரிக்கை: சாதாரணமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

மூன்று பிரதி: ஒன்று ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று கிளவுடில், இன்னொன்று வேறு ஊரில் உள்ளவரிடம். யாழ்ப்பாணப் பாடம்.

அசலைக் காப்பது: லேமினேஷன் செய்யவே வேண்டாம். பிரிக்க முடியாது, உள்ளேயே கெட்டுப்போகும். பசை ஒட்டிய ஆல்பத்தில் இருந்தால், முதலில் ஆல்பத்தோடு சேர்த்துப் படம் எடுத்துவிடுங்கள். பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள். மென்மையான பென்சிலால் லேசாக எழுதுங்கள். ஈரமில்லாத, சமையலறையிலிருந்து தள்ளியிருக்கும் அலமாரியில் வையுங்கள். ராமபாணப் பூச்சி வருகிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

அனுமதி: எதைப் பொதுவில் போடலாம், எதைப் போடக் கூடாது என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்யட்டும். நடப்பு நிலப் பத்திரம், குடும்ப வழக்கு, அடையாள அட்டை எண் இவையெல்லாம் இணையத்துக்கு வரவே கூடாது.

யாருடைய வரலாறு?

பரணில் டிரங்குப் பெட்டி இருப்பது, பரண் இருந்த வீட்டில்தான். குடிசையில் இருந்தவர்களிடம் பத்திரம் இல்லை, ஓலை இல்லை. காகிதம் இருக்கும் வீட்டை மட்டும் தேடிப்போனால், நிலம் வைத்திருந்தவர்களின் வரலாறே ஊர் வரலாறு ஆகிவிடும்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் பகுதியில் இது இன்னும் முக்கியம். ஆவாரம்பட்டையில் தோலை ஊறவைத்துப் பதனிட்ட காலத்து வேலை எப்படி இருந்தது என்பதைத் தொழிலாளர் வாயிலாகத்தான் அறிய முடியும். ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு விடிகாலையில் பஸ் ஏறும் பெண்களிடம் சம்பளச் சீட்டு இருக்கும், கம்பெனி அடையாள அட்டை இருக்கும், ஆயுதபூஜையன்று லைனில் நின்று எடுத்த குரூப் போட்டோ இருக்கும். அதுவும் ஆவணம்தான். அரக்கோணம் பக்கம் ரயில்வே குடும்பங்கள் ஏராளம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இந்தத் தடத்தில்தான். அங்கே வேலை பார்த்த தாத்தாவின் பணிப் பதிவேடு எந்தப் பெட்டியில் இருக்கிறதோ!

காகிதமே இல்லாத வீட்டில் என்ன செய்வது? உட்கார்ந்து கேட்க வேண்டும். நாற்று நடும்போது பாடிய பாட்டு, எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்க விடவில்லை, எந்த ஆண்டு முதல் மாறியது... ஒரு குரல் பதிவும் ஊர் ஆவணமே.

ஏன் இப்போதே?

நெமிலி வட்டத்தின் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பர் 28-இல் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் கார் தொழிற்சாலைக்கு முதல்வர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டு டிசம்பரில், தைவானின் ஹாங் ஃபூ நிறுவனம் 1,500 கோடி ரூபாயில் அமைக்கும் காலணித் தொழிற்சாலைக்கும் அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. 25,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. பிள்ளைகள் வேலை தேடிச் சென்னைக்கும் ஓசூருக்கும் ஓடாமல் இங்கேயே இருக்கலாம் என்பது நல்ல செய்திதான்.

அதோடு ஊரின் முகமும் மாறும். ஓட்டு வீடு இடிந்து மாடி வீடு எழும்பும். பரண் இருக்காது, டிரங்குப் பெட்டிக்கும் இடம் இருக்காது. வயல் வரப்பில் இருந்த ஐயனார் கல் எங்கே போனது என்று பத்து வருடம் கழித்துக் கேட்டால், பதில் சொல்ல ஆள் இருக்க மாட்டார். ஏரிக் கால்வாய் எந்த வழியாக ஓடியது என்ற கேள்வி, ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வரும்போது உயிர்ப் பிரச்னையாகவே மாறும். அப்போது ஊர் தேடப்போவது, ஒரு பழைய வரைபடத்தையும் அதைப் படித்துச் சொல்லும் ஒரு பெரியவரையும்தான்.

குழு அமையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள பழைய ஆல்பத்தை எடுத்துக்கொண்டு பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு படமாகக் காட்டி, "இது யாரு பாட்டி?" என்று கேளுங்கள். செல்போனில் ரெக்கார்டரை ஆன் செய்ய மறக்காதீர்கள்.